தண்ணீர் நிற்காத மனை

அவரிடம் யாராவது வழி கேட்டால் உடனே பதில் வராது. முதலில் கேட்டவரின் முகத்தைப் பார்ப்பார். ஒருமுறை திருப்போரூர் பக்கம் ஒரு குடும்பம் காரை நிறுத்தி, மாமல்லபுரம் கடற்கரைக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டது. பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள் அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தன. "இதோ வந்துட்டீங்க சார், அஞ்சே நிமிஷம்" என்றார். அரை மணி நேரமாவது ஆகும். கார் நகர்ந்ததும், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"அரை மணின்னு சொன்னா ரோடு கொறஞ்சுடப் போவுதா பாய்? அதுங்க அஞ்சு நிமிஷம் சிரிச்சிகினு போவட்டும்" என்றார்.

ஆறாவது நிமிஷம் அந்தப் பிள்ளைகள் என்ன செய்யும் என்ற கவலை அவருக்குக் கிடையாது. எனக்கு இருந்தது. அதுதான் எனக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

என் வலது கால் இடது காலைவிட ஒரு விரற்கடை குட்டை. அதற்குக் காரணம் அவர். அந்தக் கால் இன்னும் என் உடம்போடு இருப்பதற்கும் காரணம் அவர்தான். இரண்டையும் ஒரே ஆளின் தலையில் ஏற்றிவைத்து, நல்லவர் என்றோ கெட்டவர் என்றோ ஒரு முடிவுக்கு வர முடியாமல் நான்கு வருஷமாகக் குழம்பிக்கொண்டிருக்கிறேன். என் மனைவிக்கு இந்தக் குழப்பம் இல்லை. "கூட இருந்தே குழி பறிச்ச மனுஷன்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். அவளை மாதிரி இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

திருப்போரூரில் மனை விற்கிற ஒரு அலுவலகத்தில் நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். நான் கூடுவாஞ்சேரியிலிருந்து பஸ் பிடித்துப் போய் வருவேன். மனைப்பிரிவுகளுக்கு வரைபடம் போடுவது என் வேலை. அவர் மாமல்லபுரத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், எந்நேரமும் வெள்ளைச் சட்டை. மனை வாங்க வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டுபோய் இடத்தைக் காட்டுவது அவர் வேலை. அதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

ஒரே மனையை மூன்று பேருக்கு அவர் காட்டியதை நான் கூட இருந்து பார்த்திருக்கிறேன். ரிட்டையரான வாத்தியார் ஒருவர் வந்தார். "காத்தால முருகன் கோயில் மணி காதுல வுழும் சார்" என்றார். கணவன் மனைவி இருவரும் கம்ப்யூட்டர் கம்பெனி. "இன்னும் ரெண்டு வருஷத்துல உங்க கம்பெனி பஸ்ஸே வூட்டு வாசலுக்கு வந்துரும்மா." மூன்றாவதாக வந்தவர் பாரிமுனைப் பக்கம் சத்தத்திலேயே வாழ்ந்து சலித்த வியாபாரி. "காக்கா கத்துனாதான் சார் இங்க சத்தமே." மூன்றும் பொய் என்று சொல்லிவிட முடியாது. மூன்றும் ஒரே இடத்தைப் பற்றியது என்பதைத்தான் நம்ப முடியாது.

எல்லோரும் கடைசியில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. மழை பெய்தால் தண்ணீர் நிற்குமா?

"நிக்காது சார். ஓடிடும்."

எங்கே ஓடும், எத்தனை நாள் கழித்து ஓடும் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

இதையெல்லாம் வியாபாரத் தந்திரம் என்று ஒதுக்கிவிடலாம் என்றால் அதுவும் முடியவில்லை. ஒரு ரம்ஜானுக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்திருந்தேன். அன்று என் மனைவி பிரியாணியில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டாள். அது தெரியாமல் அவருக்குத்தான் முதலில் பரிமாறினோம்.

"உப்பு சரியா இருக்காண்ணே?" என்று கேட்டாள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "அளவா கீதும்மா" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவர் போன பிறகு நாங்கள் உட்கார்ந்தோம். ஒரு வாய் இறங்கவில்லை. அந்தப் பிரியாணியைத் தின்றதில் அவருக்கு என்ன லாபம்? ஒன்றுமில்லை. அன்றிலிருந்து என் மனைவி அவரைத் தன் கூடப்பிறந்த அண்ணன் என்றே நினைத்தாள். பின்னால் அவளுக்கு அத்தனை கோபம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கால் முறிந்தது ஒரு கார்த்திகை மாசத்தில். மூன்று நாள் மழை அடித்து ஓய்ந்திருந்தது. மறுநாள் அந்த ரிட்டையர்டு வாத்தியார் குடும்பத்தோடு இடம் பார்க்க வருவதாக இருந்தது. தண்ணீர் வடிந்துவிட்டதா என்று முன்கூட்டியே பார்த்துவிடலாம், எந்தப் பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனால் கண்ணில் படாது என்று வரைபடத்தை வைத்துச் சொல்லு என்று என்னையும் தன் பைக்கில் ஏற்றிக்கொண்டார். போய்ப் பார்த்தால் மனைகள் இருந்த இடத்தில் ஒரு குளம் கிடந்தது. எல்லைக்கற்களின் மஞ்சள் தலை மட்டும் அங்கங்கே தெரிந்தது. ஊர்ச் சாக்கடை, மாட்டுக்கொட்டகை, கோழிக்கடைக் கழிவு எல்லாம் அந்தப் பக்கம்தான் வந்து சேரும்.

"வடிஞ்சிகினு கீது" என்று சொல்லிக்கொண்டே வண்டியைத் தண்ணீருக்குள் விட்டார். அடியில் குழாய் பதிக்க வெட்டிய பள்ளம் இருந்தது. முன்சக்கரம் அதில் இறங்கியது. வண்டி என் மேல் சாய்ந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு ஒரு முனை வெளியே வந்தது. நான் அந்தக் கறுப்புத் தண்ணீரில் இடுப்புவரை கிடந்தேன்.

அவர் என்னைக் கைத்தாங்கலாக மேட்டுக்கு இழுத்து வந்தார். காவல்காரர் கொட்டகையில் இருந்த குடிதண்ணீர் கேனைத் தூக்கிவந்து முழுவதையும் காலில் ஊற்றினார். காயத்தில் ஒட்டியிருந்த புல்லையும் சேற்றையும் பொறுமையாக எடுத்தார். தன் சட்டையைக் கழற்றிக் கிழித்துக் கட்டினார். நான் வலியில் அவர் தோளைக் கடித்தேன். "கடிச்சிக்கோ பாய், கடிச்சிக்கோ" என்றார். அவ்வளவு அக்கறையாக என் தகப்பனார்கூட என்னைத் தொட்டதில்லை.

செங்கல்பட்டுக்கு ஆட்டோவில் போகும்போது சொன்னார்: "பாய், கேட்டா பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டேன்னு சொல்லிரு. வண்டின்னு சொன்னா போலீஸ் கேஸ் ஆயிடும். வண்டிக்கு இன்ஷூரன்ஸ் கெடையாது. ஸ்டேசனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடந்தே பேஜாராயிடுவ. காலே இல்லாம எப்படி நடப்ப?"

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பக்கத்தில் இது புதிதும் இல்லை. தலையில் அடி, கையில் வெட்டு, கால் முறிவு, எதுவானாலும் ஆஸ்பத்திரி வாசலில் அது பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகிவிடும். செங்கல்பட்டு ஜில்லாவின் பாத்ரூம்கள் மேல் இருக்கிற பழி கொஞ்சநஞ்சமல்ல.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு எப்படி ஆனது என்றார். நான் வாய் திறப்பதற்குள் அவர் சொன்னார்: "ஆபீஸ் பாத்ரூம் சார். படியில கால் வச்சாரு, வழுக்கிருச்சி."

"எலும்பு வெளிய வர அளவுக்கா?"

"ஆளு கனம் சார்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். வெளியே தெரிந்த ஓட்டை சின்னது. பார்க்கச் சுத்தமாக இருந்தது, அவர்தான் கேன் தண்ணீர் முழுவதையும் ஊற்றிக் கழுவியிருந்தாரே. அன்றே ஆபரேஷன் செய்து, உள்ளே தகடு வைத்து, ஸ்க்ரூ போட்டுத் தைத்துவிட்டார்கள். அவர் கழுவியது எனக்காகவா, பாத்ரூம் கதை எடுபட வேண்டும் என்பதற்காகவா? இதை இருநூறு முறையாவது யோசித்திருப்பேன்.

என் மனைவி அந்த பாத்ரூமை அப்படியே நம்பினாள். அலுவலக மேனேஜருக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்து, ஆசிட் ஊற்றித் தேய்க்க வைத்துவிட்டுத்தான் ஓய்ந்தாள்.

வார்டில் அவர் தினமும் வந்தார். காலையில் எனக்கு நாஸ்தா வாங்கி வருவார். மனைவி வீட்டுக்குப் போயிருக்கும் நேரத்தில் எனக்குப் பாத்திரம் வைத்து எடுத்தது அவர்தான். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. ஒரு வாரத்துக்குள் வார்டில் இருந்த எல்லோருக்கும் அவர் வேண்டியவராகிவிட்டார். எதிர்க் கட்டிலில் மீனவக் குப்பத்துப் பையன் ஒருவன். படகு இழுக்கிற டிராக்டர் பாதத்தில் ஏறிவிட்டது. அவன் அம்மா மூன்று நாளாகப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவர் ஒரு பொட்டலம் சாம்பார் சாதத்தைக் கொண்டுபோய் அவள் கையில் வைத்தார்.

"என் புள்ள காலு வந்துருமாய்யா?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

"இவுங்க கை வச்சி ஆறாத காலே கெடையாதும்மா. ஆடி மாசம் உன் புள்ள வலை இழுப்பான் பாரு. நீ துன்னு."

அவள் சாப்பிட்டாள். நான்கு நாள் கழித்து அந்தப் பையனின் பாதத்தை எடுத்துவிட்டார்கள். அன்று அவர் வார்டுக்குள் நுழைந்தார். அந்த அம்மாள் எழுந்து வந்தாள். திட்டப்போகிறாள், மண்ணை வாரித் தூற்றப்போகிறாள் என்று நினைத்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கி நீதாம்ப்பா ஒரு வாய் சோறு துன்ன வச்ச" என்று சொல்லிவிட்டு அழுதாள். அவரும் அழுதார். எனக்குத் தலை சுற்றியது. ஒரு ஆள் பொய் சொல்கிறார், அந்தப் பொய்க்கு நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்கள். நடுவில் நான் யாரைக் கோபித்துக்கொள்வது?

எனக்கும் அதற்குள் காய்ச்சல் வந்திருந்தது. ஐந்தாம் நாள் காலில் விண்விண் என்று தெறிக்க ஆரம்பித்தது. தையலைச் சுற்றிச் சிவந்து, பிறகு கறுத்து, கட்டு நனைந்தது. ஒரு நாற்றம்.

"இன்னா நாத்தம் இது அண்ணாத்த?" என்று கேட்டேன்.

"மருந்து வாசனை பாய். காயம் ஆற சொல்ல இப்படித்தான் ஊறும்."

ஊறியது சீழ். தையலைப் பிரித்து, தியேட்டருக்குக் கொண்டுபோய் இரண்டு முறை கழுவினார்கள். ஊசி மருந்து மாற்றினார்கள். காய்ச்சல் இறங்குவதுபோல இறங்கி மறுபடி ஏறியது. சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

ரிப்போர்ட் வந்த அன்று மனைவி துணி எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தாள். கட்டிலருகே அவர்தான் இருந்தார். வார்டைப் பார்த்துக்கொண்ட பெரிய டாக்டர், ஒரு பெண்மணி, காகிதத்தோடு வந்து ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். டாக்டர்கள் உட்கார்ந்தால் நல்ல சேதி இல்லை என்பது வார்டில் எல்லோருக்கும் தெரியும்.

"ரெண்டு மூணு கிருமி கலந்து வந்திருக்கு. ஒண்ணுகூட தெளிவா இல்ல. ஆனா இது பாத்ரூம் தரையில படுற காயத்துல வர்ற மாதிரி இல்லங்க" என்றார். "காயத்துல சேறு, சாக்கடைத் தண்ணி எதாவது பட்டுச்சா? அது தெரிஞ்சா லேபுல எதைத் தேடணும்னு நான் சொல்ல முடியும். மொத நாளே தெரிஞ்சிருந்தா உள்ள தகடே வெச்சிருக்க மாட்டோம். வெளிப்பக்கமா கம்பி போட்டு, காயத்தைத் தைக்காம விட்டு, மறுபடி மறுபடி கழுவியிருப்போம். போனது போகட்டும். இந்த வாரத்துக்குள்ள சரியான மருந்து கிடைக்கலைன்னா முழங்காலுக்குக் கீழ எடுக்கறதைப் பத்திப் பேச வேண்டி வரும். எங்க விழுந்தீங்க?"

கேள்வி என்னிடம்தான். கால் என்னுடையது. வாயும் என்னுடையதுதான்.

நான் பேசவில்லை. இத்தனை நாளில் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த இடத்தின் குறுக்கே ஒரு ஓடை இருந்தது. முதலில் போட்ட வரைபடத்தில் அதைக் காட்டியிருந்தேன். மனை வாங்க வருகிறவர்களுக்குக் கொடுக்க இரண்டாவது பிரதி போட்டபோது, மேனேஜர் சொன்னார் என்று அந்தக் கோட்டை எடுத்துவிட்டேன். ஒரு நிமிஷ வேலை. சாக்கடைத் தண்ணீரில் விழுந்தேன் என்றால் எங்கே என்பார்கள். எங்கே என்றால் போலீஸ் வரும், வரைபடம் வரும், அதில் என் கையெழுத்து இருக்கும். வேலை போய்விடும், மகளின் படிப்பு நின்றுவிடும் என்று வரிசையாக என்னென்னவோ ஓடியது. கால் போய்விடும் என்பது மட்டும் அந்த வரிசையில் ஏனோ வரவில்லை. காய்ச்சல் வேகமா, புத்தி மழுங்கிவிட்டதா, இன்றைக்கும் புரியவில்லை.

அவர் டாக்டர் முகத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பாத்ரூம்தான் மேடம்" என்றார்.

டாக்டர் பெருமூச்சு விட்டு எழுந்து போனார். பின்னாலேயே அவரும் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு, டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே போனார். எனக்கு அந்த நிமிஷம் வந்தது நிம்மதி. அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

டீ வரவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து டாக்டர்தான் வேகமாக வந்தார். கூட இரண்டு சிஸ்டர்கள். "சாக்கடை, மாட்டுச் சாணி, கோழிக் கழிவு. இத்தனையையும் பாத்ரூம்னு சொல்லிட்டுப் படுத்திருக்கீங்க. நல்ல ஆளுங்கய்யா நீங்க" என்றார். பிளாஸ்க்கோடு போனவர் வராந்தாவில் டாக்டரை வழிமறித்து எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். இடம், பள்ளம், எவ்வளவு நேரம் தண்ணீரில் கிடந்தேன், எந்தத் தண்ணீரால் கழுவினார் என்பதுவரை ஒன்று விடாமல் சொல்லி, மருந்துச்சீட்டின் பின்பக்கம் படம்கூடப் போட்டுக் காட்டியிருந்தார். அந்தப் படத்தை டாக்டர் என்னிடம் நீட்டினார். அதில் ஓடை இருந்தது.

அன்றே மருந்தை மாற்றினார்கள். பரிசோதனைக்கு மறுபடி அனுப்பி, இன்னதைத் தேடு என்று சொன்னார்கள். தேடியது கிடைத்தது. தகட்டை எடுத்துவிட்டு, காலுக்கு வெளியே கம்பிக் கூண்டு மாதிரி ஒன்றை மாட்டினார்கள். செத்துப்போன எலும்பைக் கொஞ்சம் வெட்டி எடுத்தார்கள். ஏழு மாதம் அந்தக் கூண்டோடு கிடந்தேன். போலீஸ் வந்து ஒரு கான்ஸ்டபிள் எழுதிக்கொண்டு போனார், அவ்வளவுதான். நான் பயந்ததில் ஒன்றுகூட நடக்கவில்லை. வரைபடத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

டீ வாங்கப் போனவர் அதன் பிறகு வார்டுக்கு வரவில்லை. அந்த வாத்தியாருக்கு அதே இடத்தில் மனை விற்றுவிட்டார் என்றும், தண்ணீர் நிற்குமா என்று அவர் கேட்டதற்கு வழக்கமான பதிலையே சொன்னார் என்றும் அலுவலகத்திலிருந்து தெரிந்துகொண்டேன். டாக்டரிடம் வராந்தாவில் உண்மையைக் கொட்டிய மனுஷன், அடுத்த வாரமே அதே வாயால் இதைச் சொன்னார். எனக்கு ஆத்திரமாக வந்தது. பிறகு இன்னொன்று தோன்றியது. டாக்டரின் முகத்தில் உண்மை வேண்டும் என்று இருந்திருக்கிறது, அதனால் அவருக்கு உண்மையைக் கொடுத்திருக்கிறார். வாத்தியார் முகத்தில் ஒரு வீடு இருந்திருக்கும். அப்படியானால் என் காலைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காக அவர் சொன்னாரா, அல்லது கேட்டவருக்குக் கேட்டதைக் கொடுத்தாரா? முதலாவதாக இருக்க வேண்டும் என்றுதான் மனசு ஆசைப்படுகிறது.

கூண்டைக் கழற்றி, கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்த பிறகு ஒருநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தார். கையில் ஆரஞ்சுப் பழப் பை. அதற்குள் என் மனைவிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. டீயைக் கொண்டுவந்து வைத்தாள், அண்ணே என்று சொல்லவில்லை. நான் கூடத்தில் நடந்து காட்டினேன்.

"நடை நல்லா கீது பாய். சொன்னாத்தான் தெரியும்" என்றார். கம்பு தரையில் டக் டக் என்று தட்டிக்கொண்டிருந்தது.

மனைவி உள்ளே போனதும் கேட்டேன். "அன்னிக்கு என் எதிர்ல பாத்ரூம்னு சொல்லிட்டு, வெளிய போயி ஏன் அண்ணாத்த மாத்திச் சொன்னீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். "நீதானே சொல்லச் சொன்ன."

"நானா?"

"வாயால சொல்லல. உன் மூஞ்சில இருந்துச்சி பாய். சொல்லிருடா, என் காலக் காப்பாத்துடான்னு இருந்துச்சி. உன்னால சொல்ல முடியல, நான் போயி சொன்னேன். அவ்ளோதான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு நல்ல பதில். அதைவிட நல்ல பதிலை எனக்கு யாரும் சொல்லப்போவதில்லை. அதனாலேயே அதை நம்ப முடியவில்லை.

அவர் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். காஞ்சிபுரம் பக்கம் வேறு கம்பெனிக்குப் போவதாகச் சொன்னார். அதற்கப்புறம் பார்க்கவில்லை. நம்பர் மாறிவிட்டது.

அவர் தெருமுனை திரும்புகிறவரை என் மனைவி ஜன்னலில் நின்றிருந்தாள். பிறகு வந்து டம்ளரை எடுத்தாள். எடுத்தவள் போகாமல் அங்கேயே நின்றாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா? அந்த ஆளு டாக்டரம்மாகிட்ட சொல்லாமலே போயிருந்தா, நீங்க சொல்லியிருப்பீங்களா?"

ஏழு மாதம் என் கட்டை மாற்றியவள் அவள். அந்தக் காலின் நாற்றம் அவள் கையை விட்டுப் போயிருக்குமா என்று தெரியாது.

"சொல்லியிருப்பேன்" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு, டம்ளரைக் கழுவ உள்ளே போனாள்.